நேதாஜியைச் சுமந்த கப்பல் என்ன ஆயிற்று?

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். இப்போது குடியிருப்பது அடுக்குமாடி வீட்டில். லயத்தைக் காலி செய்து சாமான்களை லோரியில் ஏற்றிய அன்று, அவருடைய பாட்டி யாரிடமும் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஒரே பொருள், கண்ணாடி போட்ட நேதாஜி படமாம். தாத்தா ஐ.என்.ஏ. பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர். திரும்பி வரவில்லை.

"நேதாஜி கடலுக்கு அடியில் கப்பலில் வந்தார் என்று பாட்டி கதை சொல்வார். அது யாருடைய கப்பல்? அவரை இறக்கிவிட்ட பிறகு அந்தக் கப்பல் என்ன ஆயிற்று?" இதுதான் சகோதரியின் கேள்வி.

நேதாஜி என்ன ஆனார் என்று கேட்காதவர் நம்மில் யார்? தேநீர்க் கடையில்கூட அந்தச் சண்டை நடக்கும். ஆனால் அவரைச் சுமந்த கப்பல் என்ன ஆயிற்று என்று கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான். பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, கேள்வி எவ்வளவு ஆழமானது என்று.

முதலில் ஒரு திருத்தம். அது ஒரு கப்பல் அல்ல, இரண்டு. பாதி வழி ஜெர்மன் கப்பல், மீதி வழி ஜப்பானியக் கப்பல். ஜெர்மன் கப்பலுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான்: யு-180.

ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் உள்ள வேசர் கப்பல் பட்டறையில் கட்டப்பட்டு, 1942 மே 16ஆம் தேதி கடற்படையில் சேர்க்கப்பட்டது அது. நீளம் ஏறக்குறைய 287 அடி. பெரிய கப்பல்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மனிதர்கள் இருக்கும் இரும்புக் கூட்டின் அகலம் 14, 15 அடிதான். அதற்குள் எஞ்சின், பேட்டரி, டார்பிடோ குண்டுகள், மாதக்கணக்கில் தின்ன உணவு எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் ஐம்பது, அறுபது பேர். நம்முடைய பழைய லயத்து வீட்டில் பத்துப் பேர் படுத்து எழுந்திருக்கிறோம். ஆனால் கதவைத் திறந்தால் வெளியே கித்தா மரக்காற்று வரும். அங்கே கதவைத் திறந்தால் கடல்.

நீர்மூழ்கி என்றதும் எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலும் மேலேதான் போகும். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும் அல்லவா? மேலே ஓடும்போது பேட்டரியில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். எதிரியைக் கண்டால் மூழ்கி அந்தப் பேட்டரியால் மெல்ல நகரும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி மேலே வந்தாக வேண்டும். பகலில் ஒளிந்து, இரவில் ஓடுவது, இதுதான் அதன் வாழ்க்கை.

யு-180 இதில் கொஞ்சம் மாறுபட்டது. வேகமாக ஓட வேண்டும் என்று, அதிவேகப் படகுகளில் பொருத்தும் டீசல் எஞ்சின்கள் ஆறு அதற்குள் வைத்தார்கள். வேகம் கிடைத்தது, கூடவே தொல்லையும் கிடைத்தது. எஞ்சின்கள் அளவுக்கு மீறிச் சூடாயின. புகை மண்டியது. ஒளிந்து போக வேண்டிய கப்பல் புகைக்கொடி காட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்! இந்த வகையில் கட்டியதே இரண்டு கப்பல்கள்தான். ஒன்று யு-180, மற்றது யு-195. அந்த இரண்டாவதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் புகை கக்கும் கப்பலில்தான் 1943 பிப்ரவரி 9ஆம் தேதி கீல் துறைமுகத்திலிருந்து நேதாஜி புறப்பட்டார். துணைக்கு ஒரே ஓர் இந்தியர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். கப்பல் தளபதி வெர்னர் மூசன்பெர்க்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நேதாஜி தம் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு வங்காளி மொழியில் ஒரு கடிதம் எழுதி வைத்தார். தாம் ஆபத்தான வழியில் போவதையும், மணம் செய்துகொண்டதையும், ஒரு மகள் பிறந்திருப்பதையும் அதில் தெரிவித்து, தமக்குக் காட்டிய அன்பை அவர்களுக்கும் காட்டும்படி கேட்டிருந்தார். மகள் அனிதா பிறந்தது 1942 நவம்பரில். கைக்குழந்தையைப் பிரிந்துதான் அவர் அந்த இரும்புக் கூட்டுக்குள் இறங்கினார். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் சீருடை தெரிகிறது, இது தெரிவதில்லை.

பயணம் எப்படி இருந்தது என்பதை ஆபித் ஹசன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கும் டீசல் நாற்றம். போர்வையில் டீசல், ரொட்டியில் டீசல். நேதாஜியால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. கப்பல் சாமான்களுக்கு நடுவே அரிசியும் பருப்பும் இருப்பதை ஹசன் கண்டுபிடித்துக் கிச்சடி செய்து கொடுத்தாராம். நேதாஜி என்ன செய்தார் தெரியுமா? ஜெர்மன் அதிகாரிகளையும் கூப்பிட்டு அதில் பங்கு கொடுத்தார். இருக்கிற கொஞ்ச அரிசியும் தீர்ந்துவிடுமே என்று ஹசனுக்குக் கவலை! எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது. பத்து மேடைப் பேச்சில் தெரியாத மனிதர் ஒரு தட்டுக் கிச்சடியில் தெரிகிறார்.

மற்ற நேரமெல்லாம் வேலைதான். தாம் முன்பு எழுதிய நூலைத் திருத்துவது, கிழக்கே போய்ச் சேர்ந்ததும் என்ன பேச வேண்டும் என்று ஹசனிடம் சொல்லி எழுதச் செய்வது. பெண்களுக்கென்று ஒரு படை அமைக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் அந்தப் பயணத்தில் பேசிப் பார்த்தார் என்கிறார்கள். அப்படியானால், பின்னாளில் நம் தோட்டத்துப் பெண்கள் தோளில் ஏறிய துப்பாக்கியின் கதை அட்லாண்டிக் கடலுக்கு அடியிலேயே தொடங்கிவிட்டது.

நார்வேயைச் சுற்றி, அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டிப் போனது கப்பல். ஏப்ரல் 18ஆம் தேதி கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யு-180 நம்முடைய தலைவரைச் சுமந்த தேர் அல்ல. அது ஒரு போர்க்கப்பல், கொல்லுவதற்காகக் கட்டியது. நேதாஜி உள்ளே இருந்தபோதும் அது தன் தொழிலைச் செய்தது.

ஏப்ரல் 26ஆம் தேதி, மடகாஸ்கர் தீவுக்குத் தென்கிழக்கே நடுக்கடலில், அது ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29ஐச் சந்தித்தது. இந்த ஐ-29 எங்கிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? நம் பினாங்கிலிருந்து! அப்போது பினாங்கு ஜப்பானியர் கையில் இருந்த நீர்மூழ்கித் தளம். சந்தித்தார்களே தவிர, கடல் கொந்தளித்ததால் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. இரண்டு கப்பல்களும் சேர்ந்தே நகர்ந்தன. 28ஆம் தேதி, ஒரு ரப்பர் மிதவையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலையில் முழுக்க நனைந்து, நேதாஜியும் ஹசனும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கீலில் ஏறி 78 நாளாகியிருந்தது.

ஐ-29இல் அவர்களை வரவேற்றது என்ன? கறி! இந்திய விருந்தாளி வருகிறார் என்று ஜப்பானியர்கள் பினாங்கிலேயே மசாலாச் சாமான்களை வாங்கி வைத்திருந்தார்களாம். இரண்டரை மாதம் டீசல் ரொட்டி தின்ற வாய்க்குப் பினாங்கு மசாலா எப்படி இருந்திருக்கும்! அதிகாரி தெராவோகா தம் அறையை நேதாஜிக்கு விட்டுக்கொடுத்தார். மே மாதத் தொடக்கத்தில் சுமத்திராவின் வடமுனையில் இருக்கும் சபாங் தீவில் அவர் கரையேறினார்.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். இரண்டு வல்லரசுகள் இவ்வளவு தூரம், இவ்வளவு ஆபத்தில், ஒரே ஓர் இந்தியருக்காகவா இரண்டு கப்பல்களை அனுப்பின? இல்லை. ஜெர்மனியிலிருந்து ஆயுத வரைபடங்களும் மாதிரிகளும் ஜப்பானுக்குப் போயின. ஜப்பானிலிருந்து டார்பிடோவும், பெர்லினிலிருந்த ஜப்பானியத் தூதரகத்துக்காக ஏறத்தாழ 2 டன் தங்கமும், இரண்டு கடற்படை அதிகாரிகளும் யு-180க்கு மாறினார்கள். அந்தச் சரக்குப் பட்டியலில் நேதாஜியும் ஒரு வரி. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் தங்கள் காரியத்துக்கு அவரை ஏற்றினார்கள். அவர் தம் நாட்டின் காரியத்துக்கு அவர்களுடைய கப்பலில் ஏறினார். நான் இப்படித்தான் பார்க்கிறேன். வேறு விதமாகப் பார்ப்பவர்கள் எழுதலாம்.

1943 ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். அதற்குப் பிறகு நடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோலாலம்பூர்க் கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்டு, காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த 18 வயதுப் பெண் ஜானகி தேவர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதியாக உயர்ந்தார்; 2014இல் காலமானார். வசதியான வீட்டுப் பெண் அவர். அவரோடு அணிவகுத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பால் வெட்டும் கையோடு வந்தவர்கள். அந்தப் பெண்களில் பலருடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. ஆண்களில், சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போவதைவிடப் பட்டாளமே மேல் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேதாஜி சிங்கப்பூரில் இறங்கிய அதே வாரத்தில், பூமியின் மறுபக்கத்தில், யு-180 பிரான்சின் போர்டோ துறைமுகத்தை அடைந்தது. வழியில் ஜூன் 3ஆம் தேதி போரிஸ் என்ற கிரேக்கக் கப்பலையும் மூழ்கடித்திருந்தது. மொத்தமாக அது வீழ்த்தியவை இந்த இரண்டுதான். அது முழுதாகப் போய்த் திரும்பிய கடற்பயணமும் இது ஒன்றுதான்.

போர்டோவில் அதைப் பிரித்தார்கள். மானத்தை வாங்கிய ஆறு எஞ்சின்களையும் எடுத்துவிட்டுச் சாதாரண எஞ்சின் பொருத்தினார்கள். டார்பிடோ குழாய்களையும் கழற்றினார்கள். போர்க்கப்பல் சரக்குக் கப்பலாகியது. ஏறத்தாழ 250 டன் சாமான் ஏற்றலாம். ஏன் இந்த மாற்றம்? 1944இல் ஜெர்மன் சரக்குக் கப்பல் எதுவும் கடல்மேல் தலைகாட்ட முடியவில்லை. கிழக்கே கிடைக்கும் ரப்பர், ஈயம், கொய்னா எல்லாம் அவர்களுக்கு உயிர். எந்த ரப்பர்? நம்மவர்கள் வெட்டிய ரப்பரும்தான். இனி அதைக் கடலுக்கு அடியில் கடத்திக்கொண்டு போனால்தான் உண்டு என்ற நிலை.

ஆக, யு-180 இந்தத் தடவை புறப்பட்டது நம் பக்கத்துக் கடலை நோக்கி.

1944 ஆகஸ்ட் 20ஆம் தேதி போர்டோவைவிட்டுக் கிளம்பியது. புதிய தளபதி ரோல்ஃப் ரீசன். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியிருந்தன. ஜெர்மானியர்கள் போர்டோவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்; அந்த மாதம் முடியுமுன் நகரம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. பயணம் பாதி, தப்பி ஓட்டம் பாதி.

ஆகஸ்ட் 23ஆம் தேதிக்குப் பிறகு யு-180இடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பிஸ்கே வளைகுடாவில், போர்டோவுக்கு மேற்கே எங்கோ, 56 பேரோடு மறைந்துபோயிற்று. ஒருவர்கூடத் தப்பவில்லை.

கண்ணிவெடியில் மோதியது என்று போருக்குப் பிறகு பதிவு செய்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் போதாது என்று தள்ளினார்கள். கண்ணிவெடியாக இருக்கலாம், சுவாசக் குழாய் பழுதாகியும் இருக்கலாம் என்கிறார்கள். அதென்ன சுவாசக் குழாய்? தண்ணீருக்குள் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்ட, கடல்மட்டத்துக்கு மேலே நீட்டும் நீண்ட குழாய். அலை அடித்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். மூடிய கணத்தில் எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சத் தொடங்கும். ஆட்களின் காது வலிக்கும், மூச்சு முட்டும். குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால் புகை உள்ளேயே திரும்பும். எதிரியே இல்லாமல் கப்பலைச் சுடுகாடாக்க அந்த ஒரு குழாய் போதும். எதுவாக இருந்தாலும், பார்த்துச் சொல்ல ஆளில்லை.

ஐ-29 மட்டும் பிழைத்ததா? அதுவும் இல்லை. நேதாஜியைக் கொண்டுவந்த பிறகு அது பிரான்சு வரை போய்விட்டு, ஜெர்மன் இயந்திர இரகசியங்களோடு 1944 ஜூலையில் சிங்கப்பூர் திரும்பியது. அங்கிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில், ஜூலை 26ஆம் தேதி, பிலிப்பீன்ஸுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அதைத் தாக்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர். நேதாஜியைச் சுமந்த இரண்டு கப்பல்களும் நான்கு வார இடைவெளியில், இரண்டு வேறு கடல்களில் முடிந்துபோயின. நடுக்கடலில் யு-180க்கு மாறிய ஜப்பானிய அதிகாரிகளில் ஒருவர் பெயர் தொமோனாகா. அவர் 1945இல் இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியில் நாடு திரும்பும்போது ஜெர்மனி சரணடைந்தது. கப்பலை அமெரிக்கரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தூக்க மாத்திரை தின்று உயிரை விட்டார்.

அந்த இரண்டாவது கப்பலைப் பார்ப்போம் என்றேனே, யு-195. அதுவும் அதே நாட்களில் அதே போர்டோவிலிருந்து புறப்பட்டதுதான். ஆப்பிரிக்காவைச் சுற்றி, டிசம்பரில் பத்தேவியாவை, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவை, பத்திரமாக வந்தடைந்தது! ஒரே பட்டறையில், ஒரே மாதிரி செய்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. விதி என்பவர்கள் விதி என்று சொல்லட்டும்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "நேதாஜி வந்த கப்பல் பினாங்குப் பக்கத்தில்தான் முழுகிக் கிடக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். பினாங்குக்கு அருகே மலாக்கா நீரிணையில் மூழ்கியது யு-859 என்ற வேறொரு ஜெர்மன் கப்பல். 1944 செப்டம்பர் 23ஆம் தேதி, ஆறு மாதப் பயணம் முடிந்து பினாங்கை நெருங்கும் நேரத்தில், பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரென்சன்ட் அதைத் தாக்கியது. 47 பேர் இறந்தார்கள், 20 பேர் பிழைத்தார்கள். அதில் இருந்த பாதரசத்தை எழுபதுகளில் மேலே எடுத்து, அது யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அதற்கும் நேதாஜிக்கும் சம்பந்தம் இல்லை.

யு-180இல் போன 56 பேருக்கும் வீடு இருந்தது. அம்மா இருந்தாள், சிலருக்கு மனைவி இருந்தாள். மூழ்கியது என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை, அடக்கம் செய்ய ஓர் உடல் இல்லை. வரவேண்டிய நாள் கடந்த பிறகு வந்தது, 'காணவில்லை' என்ற ஒரு சொல்தான். காணாமற் போனவனுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று நம் தோட்டத்தில் எத்தனை வீடுகள் திகைத்து நின்றன! சயாமுக்குப் போனவன், பர்மாவுக்குப் போனவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பொட்டை அழிக்கவும் மனம் வராமல், வைத்துக்கொள்ளவும் ஊர் விடாமல் வாழ்ந்த பெண்களை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கிள்ளான் சகோதரி தம் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார்: பாட்டி சாகும்வரை பொட்டோடுதான் இருந்தாராம்.

கோலாலம்பூரில் 2010இல் தொடங்கிய இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு 2015இல் நேதாஜியின் பெயரைச் சூட்டினார்கள். சிங்கப்பூரில் ஐ.என்.ஏ. வீரர்களுக்காக 1945இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995இல் அந்த இடத்தில் ஒரு கல் வைத்தார்கள். அதில் ஆட்களின் பெயர் கிடையாது.

ஜெர்மனியில் கீல் துறைமுகத்துக்கு அருகே மோல்டனோர்ட் என்ற ஊர் இருக்கிறது. நேதாஜி ஏறிய கப்பல் வெளியேறிய அதே கடற்கழியின் கரை. நீர்மூழ்கிகளில் மாண்டவர்களுக்கு அங்கே ஒரு நினைவகம். இரண்டாம் உலகப் போரில் மட்டும் 30,000 பேருக்கு மேல். வெண்கலத் தகடுகளில், கப்பல் வாரியாக, ஒவ்வொருவர் பெயரும் பொறித்திருக்கிறது. யு-180இன் 56 பேரும் அதில் இருக்கிறார்கள்.

சகோதரி, உங்கள் தாத்தாவின் பெயரைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.